குழி நிறையப் பூ, விதை மட்டும் இல்லை

ஆனந்து, உன் கல்யாண வரவேற்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, அப்போது நீ ஒரு சிரிப்புச் சிரித்தாய். பக்கத்தில் நின்ற சுபா, வந்து மூன்று நாள் ஆன மருமகள் என்பதால், மாமியாரின் பெருமையைக் கேட்டு மரியாதையாகக் கை தட்டினாள். நீ தட்டவில்லை. உங்கப்பாவின் பழைய மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அழிஞ்சு போன ஆம்பலை மீட்டுக் கொடுத்த தாவரவியல் ஆசிரியை" என்று முழங்கினார். நானும் மைக்கை வாங்கி, "செடியைப் பார்த்த உடனே அதுக்கு என்ன குறைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று வாய் கூசாமல் சொன்னேன். நானூறு பேர் கேட்கச் சொன்ன பொய். அதை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால் நியாயமாகாது. பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஹெட்மாஸ்டர் பத்து நாளாக என்னை நச்சரிக்கிறார். "மாணவர்களுக்கு அறிவுரையா இருக்கட்டும் டீச்சர்" என்றார். உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுக்கப்போகிறேன். பந்தியில் சாப்பிட்ட அத்தனை பேரும் படிக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ் ஏறுவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். நீ கிளம்பிய பிறகு எழுதினால் அழுகை கலந்துவிடும், எனக்கு அது ஒத்துவராது.

நாகர்கோவிலில் பிறந்த சுபாவுக்குக் குழி என்றால் என்னவென்று தெரியாது. அதனால் அவளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த இடத்தில் பெரிய பெரிய பள்ளங்கள் இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கடல் துண்டு விழுந்ததுபோல் நீலமாக இருக்கும். கிட்டே போனால் ஒரு புல் பூண்டு இருக்காது. தொண்ணூற்றைந்தில், உங்கப்பா சர்வேயராக இருந்த சுரங்கத்துக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். ஒரு குழியைக் காட்டி, "இதை ஒரு ஏரி மாதிரி பண்ணணும். நம்ம ஊர்ச் செடியா வெக்கணும். யாருக்காவது செடி தெரியுமா?" என்று கேட்டார். உங்கப்பா, பக்கத்து வீட்டுக்கு ஆட்டுக்கல்லை இரவல் கொடுப்பவர்போல, "என் சம்சாரம் பாட்டனி டீச்சர்தான் சார்" என்று என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது வருஷமாகப் பாடப்புத்தகத்திலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து பிள்ளைகளின் நோட்டுக்கும் செடிகளை மாற்றி நட்டுக்கொண்டிருந்தவள் நான். நிஜ மண்ணில் அதுவரை நட்டது கறிவேப்பிலை ஒன்றுதான். அதுவும் பட்டுப்போனது.

ஆனாலும் பெருமை யாரை விட்டது? பெரம்பலூருக்குப் பக்கத்தில் என் பிறந்த ஊர் ஏரியில் சின்ன ஆம்பல் என்று ஒன்று உண்டு. பெரிய ஆம்பல் இல்லை. இலை உள்ளங்கை அகலம், பூ ரூபாய்க் காசு அளவு. வெள்ளை இதழ் முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல் முடி முடியாக இருக்கும், நடுவில் மஞ்சள். காலையில் விரிந்தால் மத்தியானம் சுருண்டுவிடும். ஒரு காலத்தில் அக்கம்பக்கத்து ஏரி குளமெல்லாம் கிடந்த செடி. ஏரி மேடாகி, வேலிக்காத்தான் ஏறி, எங்கள் ஊரில் மதகு ஓரம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் போய், இருந்ததிலேயே கொழுகொழுவென்று இருந்த ஒரே ஒரு தூரைப் பிடுங்கிப் பக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், குளத்தையே எடுத்துட்டு வந்துட்டீங்க?" என்றார். அவர் கேலியாகச் சொன்னது பின்னால் உண்மையாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அந்த ஏரியில் தேடிப் பார்த்தபோது ஆம்பலும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இந்தச் செடியை நடுவது மிகவும் சுலபம். இலையைக் காம்போடு கிள்ளிச் சேற்றில் குத்தினால் போதும், அது ஒரு செடியாகிவிடும். குழி ஓரத்தில் வண்டல் கொட்டிச் சேறாக்கித் தந்தார்கள். நான் பாவாடைச் சிறுமிபோல் சேலையைச் செருகிக்கொண்டு கிள்ளிக் கிள்ளி நட்டேன். மூன்றே வருஷத்தில் குழி முழுக்க வெள்ளைப் பூ. ஜெயங்கொண்டத்திலிருந்துகூட வண்டி வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். புதுமணத் தம்பதிகள் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் காய்கறி வாங்கப் போனால், "ஆம்பல் டீச்சர் வர்றாங்க" என்று வழி விட்டார்கள். எனக்கு நடையே மாறிவிட்டது என்று உங்கப்பா சொல்வார்.

அப்புறம்தான் வந்தது வினை. நீ பிளஸ் டூ படித்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. குழியில் ஊற்று கிடையாது, மழைத் தண்ணீர்தான். இப்படியே போனால் சித்திரைக்குள் காய்ந்துவிடும் என்று உங்கப்பா அளவுகோலைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் காய்ந்தால் செடி சாகும். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. சேற்றில் விதை கிடந்தால் அடுத்த மழைக்கு முளைத்துக்கொள்ளும். சரி, விதை எவ்வளவு இருக்கிறது பார்ப்போம் என்று இறங்கினேன். இந்தப் பூ வாடியதும் காம்பு வளைந்து தண்ணீருக்குள் போய், அங்கேதான் காய்க்கும். கையை விட்டுத் துழாவினேன். வாடிய பூ இருந்தது, காய் இல்லை. அங்கே இல்லை, இங்கே இல்லை, குழி முழுக்க எங்குமே இல்லை. ஆயிரக்கணக்கான பூ பூத்த குழியில் ஒரே ஒரு விதை கிடையாது. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த சின்ன ஆம்பல் மொத்தமும் அந்தக் குழியில்தான் இருந்தது. சித்திரைக்குள் விதை விழாவிட்டால் அது அதோடு முடிந்தது.

அந்த நிலைமையில் ஒரு படித்த பெண்மணி என்ன செய்வாள்? அடுத்தவர் மேல் பழி போடுவாள். முதலில் மீன் தின்கிறது என்றேன். உங்கப்பா வலை போட ஆள் கொண்டுவந்து கெண்டையையெல்லாம் பிடித்து, சுரங்கக் குவார்ட்டர்ஸ் முழுக்க மூன்று நாள் மீன் குழம்பு மணந்தது. ஹெட்மாஸ்டர் வீட்டம்மா, சுத்த சைவம் என்று ஊருக்கே சொல்லிக்கொள்பவர், பின்வாசல் வழியாக ஒரு தூக்கு வாங்கிப் போனார். (மலரில் இந்த வரியை ஹெட்மாஸ்டர் வெட்டிவிடுவார், நீயாவது படித்துக்கொள்.) மீன் போயும் காய் வரவில்லை. வாத்து என்றேன். வாத்துக்காரரை விரட்டினேன். அப்புறம் நீயும் உன் சிநேகிதர்களும் குளிப்பதால்தான் என்றேன். உங்கள் குளியலையும் நிறுத்தினேன். அப்போதும் காய் இல்லை.

மார்கழி வாக்கில்தான் நான் மகரந்தச் சேர்க்கைப் பாடம் நடத்தினேன். உனக்கு ஞாபகம் இருக்கும். பிரிமுலா என்கிற செடியில் இரண்டு வகைப் பூ உண்டு. ஒன்றில் சூல்தண்டு நீளம், மகரந்தத்தாள் குட்டை. இன்னொன்றில் அப்படியே தலைகீழ். நீளமும் குட்டையும் சேர்ந்தால்தான் விதை, ஒரே வகைக்குள் சேர்ந்தால் விதை கிடையாது. ஐந்து மதிப்பெண் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு பலகையில் படம் போடுவேன். போட்டு முடித்துத் திரும்பினால், மூன்றாவது பெஞ்சில் நீ எழுந்து நிற்கிறாய்.

"டீச்சர், பிரிமுலா எங்க டீச்சர் இருக்கு?"

"குளிர்ப் பிரதேசத்துல இருக்கும். இமயமலைப் பக்கம்."

"டீச்சர் அதைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. எதுக்கு?"

"நம்ம குழியில கெடக்குற ஆம்பல்ல எது டீச்சர் நீளம்?"

ஆனந்து, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. மூன்று வருஷம் அந்தப் பூவைத் தலையில் வைத்துக் கொண்டாடினேனே தவிர, ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அது சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து கலியபெருமாள், "வூட்டுல போயி கேளுடா, டீச்சர் அங்கதான் இருப்பாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. நீ காது சிவக்க உட்கார்ந்தாய். வகுப்பில் நான் உன்னை மகனாகவும் நடத்தவில்லை, மாணவனாகவும் நடத்தவில்லை. பலகைத் துடைப்பானை மேஜையில் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

நீ சும்மா இருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டுக் குழிக்குப் போயிருக்கிறாய். வந்து ஒரு நோட்டுக் காகிதத்தை என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாய். பூவைப் பிளந்து வரைந்த படம், கீழே, "எல்லாமே நீளம். ஒன்றுகூடக் குட்டை இல்லை."

"நாலு பூவைப் பார்த்துட்டு நாட்டாமை பண்ணாதே" என்றேன்.

"நாலு இல்லம்மா. எழுபத்திரெண்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை ஆயிரம் செடி எப்படி ஒரே மாதிரி இருக்கும், இந்தப் பயல் சொல்வது தப்பு என்று நிரூபித்தே தீருவது என முடிவு செய்தேன். என் பழைய மாணவி ரஹிமா திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இலையை அரைத்து அதன் மரபணுவைப் பார்க்கிற வேலை. குழியின் நாலு மூலையிலிருந்தும் நாற்பது இலை பறித்து, நாற்பது உறையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி அவளுக்கு அனுப்பினேன். பொங்கலுக்கு முன்னால் அவள் கடிதம் வந்தது.

"டீச்சர், ஒவ்வொரு செடிக்கும் மரபணு ஏணிப்படி மாதிரி கோடு கோடாகத் தெரியும், ஆளுக்கு ஆள் படி மாறும். நீங்கள் அனுப்பிய நாற்பது ஏணியும் ஒரே ஏணிதான். நான் இலையை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று பயந்து இரண்டு தடவை செய்தேன். உங்கள் குழியில் இருப்பது ஆயிரம் செடி இல்லை டீச்சர், ஒரே செடி. ஒரு தூரிலிருந்து கிள்ளிக் கிள்ளி நட்டிருக்கிறீர்கள். அது தனக்குத்தானே விதை வைக்காத சாதி. எதிர் வகைப் பூ உள்ள செடி வேண்டும். கிடைத்தாலும் ஒரே இடத்தோடு நிறுத்தாதீர்கள், மூன்று நாலு இடத்திலிருந்து எடுங்கள். ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளாகக் குழி நிறைந்தால் அடுத்த தலைமுறையில் மறுபடி இதே தொல்லை. இன்ஷா அல்லாஹ், பூ இருக்கும்போதே ஒரு நாள் வந்து பார்க்கிறேன்."

இந்த இடத்தில்தான் நீ இதுவரை அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் நான் உன்னிடம் காட்டிய அன்று வந்ததல்ல. வந்து மூன்று வாரம் என் பட்டுப்புடவை மடிப்புக்குள் கிடந்தது. தண்ணீர் தினம் இறங்கிக்கொண்டிருந்தது. பூ பூத்து வீணாக வாடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். ஆனால் கடிதத்தை எடுத்தால் உன் நோட்டுக் காகிதத்தையும் எடுக்க வேண்டும், வகுப்பில் உட்கார வைத்ததையும் எடுக்க வேண்டும். மூன்று வாரம் பீரோவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உங்கப்பா, "புதுசாப் பொடவை எதும் வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று சந்தேகப்பட்டார். உனக்கு நான் சொல்லும் அறிவுரை என்று ஏதாவது இருந்தால், இதுதான்: உன்மேல் தப்பு என்று தெரிந்த அன்றைக்கே சுபாவிடம் சொல்லிவிடு. ராத்திரி தூங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதே. அது மூன்று வாரமாகிவிடும், அதற்குள் எங்கோ தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ தோசை தின்றுகொண்டிருந்தபோது, கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன். நீ படித்தாய். இன்னொரு தோசை கேட்டாய். உங்கப்பா வாங்கிப் படித்துவிட்டு, "ஏன்டி, நான் உன் அத்தை மவன். எங்கப்பாவும் எங்கம்மாவுக்கு அத்தை மவன். நம்ம ரெண்டு பேரையும் அரைச்சுப் பார்த்தா அந்தப் பொண்ணு ஒரே ஏணின்னு சொல்லிடுமோ?" என்று கேட்டார். நாகர்கோவில் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நீ வந்து நின்றபோது உங்கப்பா ஏன் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

அப்புறம் ஆரம்பித்தது நம் வேட்டை. ஞாயிறு தோறும் டி.வி.எஸ். ஃபிப்டியில் நீ முன்னால், நான் பின்னால், என் மடியில் பக்கெட். உடையார்பாளையம் பக்கம் பார்த்தோம், ஜெயங்கொண்டம் சுற்றுவட்டாரம் பார்த்தோம். குளம் குளமாக நின்று, "இங்க சின்ன ஆம்பல் கெடக்குதுங்களா?" என்று கேட்டோம். பாதிப் பேர் நம்மை மருந்துக்கு வேர் பறிக்க வந்தவர்கள் என்று நினைத்துத் தங்கள் மூட்டு வலியைச் சொன்னார்கள். மறுநாள் உனக்கு பிசிக்ஸ் பிராக்டிகல் இருந்த ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. உன் பிசிக்ஸ் மார்க்குக்கு யார் காரணம் என்று உங்கப்பா இன்றைக்கும் கேட்கிறார். அதற்கும் நான்தான், எழுதிக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்.

அந்த பிராக்டிகல் ஞாயிற்றுக்கிழமைதான் மீன்சுருட்டிக்கு அப்பால் ஒரு முந்திரித் தோப்பில் மங்கையின் குட்டையைக் கண்டோம். மாடு தண்ணீர் குடிக்கிற சின்னக் குட்டை. ஓரமெல்லாம் வெள்ளைப் பூ. நீ செருப்போடு இறங்கி ஒரு பூவைப் பிளந்து, "அம்மா, குட்டை! குட்டை!" என்று கத்தினாய். தோப்பிலிருந்து ஒரு பெண் கையில் தொரட்டியோடு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள்தான் மங்கை, தோப்புக்காரி.

"குட்டைன்னு எங்களுக்கும் தெரியும். அதுக்கு ஏன் தம்பி இப்புடிக் கத்துற? நீங்க யாருங்க?"

நான் விவரம் சொன்னேன். நீளம், குட்டை, விதை, சித்திரை எல்லாம். பாடம் நடத்துவதுபோல் நடத்தினேன். அவள் தொரட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். இடையில் ஒரு கேள்வி கேட்டாள்: "அப்ப எங்க குட்டையிலயும் இது காய்க்காமக் கெடக்குறது இதனாலதானா?"

"காய்ச்சதே இல்லையா?"

"எங்க மாமியா இதை மலட்டுச் செடின்னுதான் சொல்லும். அது என்னையும் அஞ்சு வருஷம் அப்புடித்தான் சொல்லிச்சு. அப்புறம் கும்பகோணத்து டாக்டரு எங்க வூட்டுக்காரருக்கு மாத்திரை குடுத்தாரு, அடுத்தடுத்து ரெண்டு பொறந்துச்சு. அதுலேர்ந்து நான் எதையும் மலடுன்னு சொல்றதில்லீங்க டீச்சரம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. சரி, வேலையைப் பார்ப்போம் என்று, "ஒரு நாலு தூர் எடுத்துக்கலாமா?" என்று பக்கெட்டை நீட்டினேன். அவள் தொரட்டியைக் குறுக்கே வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க. எனக்கு?"

"உனக்கு என்னம்மா வேணும்?"

"உங்க நீளத்தைக் கொண்டாந்து எங்க குட்டையில வைங்க. எங்க பக்கம் பொண்ணு எடுத்தா பொண்ணு குடுக்கணும். கொண்டும் குடுத்தும்தான் சம்பந்தம். ஒரு பக்கமா வாரிக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு வேற."

ஆனந்து, தாவரவியல் படித்தவள் நான். இரண்டு இடத்திலும் விதை இல்லை, இரண்டு இடத்துக்கும் இரண்டு வகையும் வேண்டும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. என் குழி, என் பூ, என் பொன்னாடை என்றே இருந்தேன். அவள் சொன்னது வெறும் ஊர் வழக்கம்; ஆனால் ரஹிமாவே வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதோடு மங்கை விடவில்லை. "எங்க வூட்டோட நிறுத்திறாதீங்க. எங்க அக்கா ஊரு ஏரியிலயும் இது கெடக்கு. எங்க சின்ன மாமனாரு வயக்காட்டுப் பக்கத்துக் குளத்துலயும் பார்த்த ஞாபகம். எல்லார் வூட்டுக்கும் போங்க. எல்லாருக்கும் குடுங்க" என்றாள்.

அடுத்த மூன்று வாரம் நாம் பக்கெட்டும் கையுமாகப் பஸ் பஸ்ஸாக அலைந்தோம். போகும்போது நம் குழி ஆம்பல், வரும்போது அவர்கள் வீட்டு ஆம்பல். வெறும் கையோடு போனால் நன்றாக இருக்காது என்று உங்கப்பா எல்லாப் பக்கெட்டோடும் ஒரு சீப்பு வாழைப்பழம் கட்டி அனுப்பினார். மொட்டோடு எடுத்து வந்ததால் இரண்டாம் நாளே விரிந்தன. முதல் ஒரு வாரம் நான் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காதுக் குச்சியால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினேன். அப்புறம் தேனீக்கள் வந்து, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுபோல் என் மூக்கிலேயே ஒரு கொட்டுக் கொட்டி என்னை அனுப்பிவைத்தன. பங்குனியில் தண்ணீருக்குள் கையை விட்டேன். பட்டாணி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கிள்ளி எடுத்துப் பிதுக்கினால், கேழ்வரகு அளவில் பளபளவென்று விதைகள். நான் போட்ட சத்தத்தில் உங்கப்பா சுரங்க ஆபீசிலிருந்து ஓடிவந்துவிட்டார். நீ பரீட்சை ஹாலில் இருந்தாய்.

சித்திரை பிறந்ததும் உங்கப்பா சொன்னபடியே குழி காய்ந்தது. இலையெல்லாம் கருகிச் சேற்றோடு ஒட்டி, சேறு வெடித்து, வெடிப்புக்குள் கை நுழைகிற அளவு இடைவெளி. நீ கோயம்புத்தூர்க் காலேஜுக்குக் கிளம்பியபோது நான் உனக்குப் பெட்டி கட்டியதைவிட அதிகமாக அந்த வெடிப்பைப் போய்ப் பார்த்தேன். விதை விழுந்தது நிஜம், முளைக்குமா என்பது யாருக்குத் தெரியும்? ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஊரில் நான் போகும்போது வழி விட்டவர்கள் இப்போது, "என்ன டீச்சர், குழி காஞ்சுபோச்சாமே?" என்று துக்கம் விசாரித்தார்கள். ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் முழங்கால் அளவு நின்ற பதினெட்டாம் நாள் தண்ணீருக்கடியில் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. பாசி என்றார் உங்கப்பா. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாசிக்கு இதய வடிவில் இலை இருக்காது. அன்றைக்கு உனக்கு ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, "வந்துருச்சுடா" என்று மட்டும் சொன்னேன். நீ, "என்னம்மா, அப்பாவுக்குப் புரமோஷனா?" என்றாய். உன்னைக் கொன்றிருப்பேன்.

இத்தனையும் நீ பாதி அறிந்தது. பெங்களூருக்குப் போகிற இந்த நேரத்தில் ஏன் சொல்கிறேன் என்றால், நேற்று சுபாவுக்காக ஒரு பை கட்டினேன். நம் வீட்டுச் சாம்பார்ப் பொடி, நம் வீட்டு ரசப்பொடி, நம் வீட்டில் வெள்ளிக்கிழமை என்னென்ன செய்வோம் என்று ஒரு பட்டியல், உனக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று இன்னொரு பட்டியல். எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: மறுபடியும் ஒரே தூரிலிருந்து கிள்ளிக் கொடுக்கிறேன். பட்டியல் இரண்டையும் எடுத்துவிட்டேன். பொடியை எடுக்கவில்லை, அரைத்த கை வலி எனக்குத்தான் தெரியும். ஆனால் அவள் தேங்காய் எண்ணெயில் தாளித்தால் மூக்கைச் சுளிக்காதே. அவள் வீட்டில் தீபாவளியை வேறு மாதிரி கொண்டாடுவார்களாம்; கொண்டாடட்டும். அவள் அம்மா வந்து பத்து நாள் தங்கினால், அதற்கு முன்னால் நான் எத்தனை நாள் தங்கினேன் என்று எண்ணிப் பார்க்காதே. இதையெல்லாம் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நல்ல மாமியாராக இருப்பது இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைவிடச் சிரமமான வேலையாக இருக்கும்போலிருக்கிறது.

நீ பார்க்காதது ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த மழைக்கு முளைத்த செடிகள் தை மாதம் முதல் பூ விட்டன. நான் மங்கைக்கு ஒரு கார்டு போட்டேன். ஒரு சனிக்கிழமை காலையில் அவளும் அவள் வீட்டுக்காரரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பு. "சம்பந்தி வூட்டுக்கு வந்திருக்கோம். பேரப்புள்ளைங்களக் காட்டுங்க" என்றாள். குழிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் நின்றாள். பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூவெல்லாம் அப்போதுதான் விரிந்து முடித்திருந்தன. அவள் குட்டையிலும் அந்த மழைக்குப் புதுச் செடி முளைத்திருக்கிறது என்றாள். அப்புறம் பூக்களைக் கை காட்டி, "இதுல எது எங்க வூட்டுது, எது உங்க வூட்டுது டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

நான் ஒரு பூவைப் பறித்துப் பிளந்தேன். நீளம். பக்கத்தில் இன்னொன்று, குட்டை. நீளம் எது குட்டை எது என்று சொல்லிவிடலாம். ஆனால் நீளமாக இருந்த செடிக்கும் குட்டை ஒரு பெற்றோர், குட்டையாக இருந்த செடிக்கும் நீளம் ஒரு பெற்றோர். இலையைத் திருப்பிப் பார்த்தேன், காம்பைப் பார்த்தேன். வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. இருபத்துச் சொச்சம் வருஷ ஆசிரியை வாழ்க்கையில் முதல் தடவையாக, கேள்வி கேட்டவர் முகத்தைப் பார்த்து, "தெரியலையேம்மா" என்றேன்.

"தெரியலையா? அப்ப சம்பந்தம் நல்லபடியா அமைஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றாள் மங்கை. வெற்றிலைத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் "ஏய், வழுக்கும்டி" என்று கத்துவதைக் காதில் வாங்காமல், சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.